இப்போதே அடங்க வேண்டுமா, அடுத்த மாதம் குறைய வேண்டுமா? பதற்றத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

இரவு 2 மணி. காலை 10 மணிக்கு மேலதிகாரிகள் முன்னால் பேச வேண்டும். தூக்கம் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் இருக்கிறது. கையில் போன். அந்த நேரத்தில் நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரியும். மூச்சுப் பயிற்சிச் செயலியைத் திறக்கலாம். அக்காவை எழுப்பி, "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கலாம். எப்போதோ வாங்கி வைத்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், "காய்ச்சல், வர முடியாது" என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளலாம்.

நான்குமே வேலை செய்யும். அதிலும் நான்காவது வழிக்கு இருக்கும் வேகம் மற்ற மூன்றுக்கும் கிடையாது. செய்தி போன மறுநொடியே நெஞ்சு அடங்கிவிடும். அடுத்த வாரம் அடுத்த கூட்டம் வரும்போதுதான் நான்குக்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரியும்.

நான் மருத்துவன் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பதற்றத்தோடு குடித்தனம் நடத்தியவன். மேலே சொன்ன நான்கையும், சொல்லாத இன்னும் சிலவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இது அபூர்வமான துன்பமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது. மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. ஆளுக்கொரு வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள், தேர்ந்தெடுக்கிறோம் என்பதே தெரியாமல்.

எதை வைத்து ஒப்பிடுவது?

பதற்றம் வந்தவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எது சீக்கிரம் கேட்கும்? கேள்வியில் தப்பில்லை, துடிக்கிறவர் வேறென்ன கேட்பார்? ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் தவறான வழிதான் எப்போதும் ஜெயிக்கும்.

ஏனென்று புரிய, உடம்பு செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எதிரி வந்தால் சண்டையிடவோ ஓடவோ உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்பதை உடலியல் ஆய்வாளர் வால்டர் கேனன் 1915 வாக்கிலேயே விளக்கிவிட்டார். இதயம் வேகமாக அடிப்பது கை கால்களுக்கு ரத்தம் அனுப்ப. மூச்சு வாங்குவது ஆக்சிஜனுக்காக. வயிறு கலங்குவது, செரிமானத்தை நிறுத்திவைத்துவிட்டு உடம்பு வேறு வேலைக்குப் போவதால். ஆக, அலாரம் பழுதில்லை. திருடன் இல்லாத வீட்டில் அடிக்கிறது, அவ்வளவுதான். இந்த அலாரம் விளக்கம் கேட்டுத் திருந்தும் ஜாதியும் இல்லை. நடந்ததை வைத்துத்தான் அது கற்றுக்கொள்ளும். 'அலாரம் அடித்தது, இவன் ஓடினான், பிழைத்தான்' என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் அடுத்த முறை இன்னும் முன்னாலேயே, இன்னும் சத்தமாக அடிக்கும். தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதியே பயத்துக்குத் தீனியாகிறது என்ற இந்தக் கருத்தை உளவியலாளர் மௌரர் 1947இல் முன்வைத்தார். பல திருத்தங்களுக்குப் பிறகும் அதன் மையம் இன்றைய சிகிச்சைகளில் அப்படியே இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது இரண்டு கேள்வி. எவ்வளவு நேரத்தில் ஆறுதல் தரும்? என் அலாரத்துக்கு என்ன பாடம் சொல்லிக்கொடுக்கும்? இரண்டாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். காசு, நேரம், பக்க விளைவு எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில், எந்தப் பதற்றம்?

பதற்றம் என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, அது மூன்று முகத்தோடு வருகிறது. ஒன்று, ஓயாத கவலை: பிள்ளை, வேலை, கடன், உடம்பு என்று ஒன்று முடிந்தால் அடுத்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது, திடீர்ப் பீதி: எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு பிளக்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் என்று தோன்றும்; சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் இறங்கும். மூன்றாவது, குறிப்பிட்ட சூழல்: மேடை, லிஃப்ட், ஊசி, தெரியாதவர்களோடு பேசுவது. ஒரே ஆளுக்கு மூன்றும் இருக்கலாம். எனக்கு முதலும் மூன்றும் நிரந்தரம், இரண்டாவது அவ்வப்போது வரும் விருந்தாளி.

இதைப் பிரித்துப் பார்க்காமல் வழி தேடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கவலைக்குக் கேட்கும் நோட்டுப் புத்தகம் பீதிக்குக் கேட்காது. பீதிக்கான புரிதல் மேடை பயத்தில் பாதிதான் உதவும்.

இன்னொன்று. மனப் பதற்றம் என்று நாமே முத்திரை குத்துவதற்கு முன் உடம்பை ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத்துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். முதல்முறையாக நெஞ்சுவலி வருகிறவர் அதைப் பதற்றம் என்று ஒதுக்கிவிட்டுப் படுக்கக் கூடாது. ஒருமுறை என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். ஏனென்று அடுத்து வருகிறது.

யாரும் பட்டியலில் போடாத வழி

வழிகளை ஒப்பிடும் கட்டுரைகள் தியானம், உடற்பயிற்சி, மாத்திரை என்று தொடங்கும். நம்மில் பெரும்பாலோர் நடைமுறையில் தேர்ந்தெடுக்கும் முதல் வழி அவற்றில் இருப்பதே இல்லை. அது தவிர்ப்பது. அதன் தம்பி, ஆறுதல் கேட்பது.

ஒன்றரை வருடம் அலுவலகத்தில் நான் பேச வேண்டிய இடங்களையெல்லாம் சக ஊழியர் ஒருவரிடம் தள்ளிவிட்டேன். "நீங்க நல்லா பேசுவீங்க சார், நீங்களே சொல்லிடுங்க." அவருக்குப் பெருமை, எனக்கு நிம்மதி. முதல் சில மாதம் பிரச்சினையே இல்லை. பிறகு கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பதுகூட முடியாமல் போனது. அதற்கப்புறம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க முடியவில்லை. தவிர்ப்பது ஒரு இடத்தில் நிற்காது. வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வரும். கடைசியில் வேலிக்குள் நாம் மட்டும் நிற்போம்.

ஆறுதல் கேட்பது இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அது பொறுப்பான செயல்போலத் தெரியும். ஒரே வருடத்தில் மூன்று முறை ஈசிஜி எடுத்தேன். மூன்றும் சரியாக இருந்தன. முதல் தடவை கிடைத்த நிம்மதி ஒரு மாதம் தாங்கியது. இரண்டாவது, ஒரு வாரம். மூன்றாவது முறை வண்டி நிறுத்துமிடம் வரைகூட வரவில்லை. 'கருவி சரியாக வேலை செய்ததா' என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்குப் போன் செய்வதும் அப்படித்தான் ஆனது. "ஆகாதுடா, பேசாம தூங்கு" என்று அவள் சொல்லும்வரை தூக்கம் வராது என்கிற நிலை. ஒருநாள் அவள் போனை எடுக்கவில்லை. அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதும், அனுப்பிய மின்னஞ்சலை ஏழு முறை திறந்து படிப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

என் மதிப்பீடு: வேகத்தில் முதலிடம், பாடத்தில் கடைசி இடம். அலாரம் கற்றுக்கொள்வது, 'அக்கா சொன்னதால்தான் பிழைத்தோம்.'

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உண்மையிலேயே ஆபத்தான இடத்தை, அவமதிக்கும் ஆளை, உடம்பைக் கெடுக்கும் வேலையை விட்டு விலகுவது தவிர்ப்பு ஆகாது. அது விவேகம். பதற்றம் சில நேரம் சரியாகவும் சொல்லும்.

மூச்சும் தசையும்

இணையத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது மூச்சுப் பயிற்சி. இலவசம், எங்கும் செய்யலாம், பக்க விளைவு மிகக் குறைவு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தினமும் 5 நிமிடம் என ஒரு மாதம் சில மூச்சு முறைகளையும் மைண்ட்ஃபுல்னெஸ் தியானத்தையும் (இந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிப்பது) ஒப்பிட்டார்கள். எல்லாக் குழுவிலும் பதற்றம் குறைந்தது. மனநிலை மேம்படுவதில் முன்னால் நின்றது பெருமூச்சு முறை: மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாயால் நீளமாக, மெதுவாக விடுவது. விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீளம் என்பதுதான் அதில் விஷயம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும்.

பீதி வந்தவரிடம் "நல்லா ஆழமா மூச்சை இழு" என்று சொல்வது மட்டும் வேண்டாம். அவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல் நுனி மரத்துப்போவதும் தலை சுற்றுவதும். இன்னும் இழுக்கச் சொன்னால் இன்னும் சுற்றும். மெதுவாக விடச் சொல்லுங்கள், போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை இப்போது பரிந்துரைப்பதில்லை. பிரச்சினை பீதி இல்லாமல் ஆஸ்துமாவாகவோ இதயமாகவோ இருந்தால் அது ஆபத்து.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறை இன்னும் பழையது. எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே அதை வகுத்துவிட்டார். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இவற்றின் குறை என்ன? இவை நெருப்பில் தண்ணீர் தெளிப்பவை, அடுப்பை அணைப்பவை அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு, மெதுவாகத்தான் தெரியும்: "மூச்சுப் பயிற்சி செய்தால்தான் கூட்டத்துக்குள் போவேன்" என்று ஆகிவிட்டால் அதுவும் ஊன்றுகோலாகிவிடும். உள்ளே போக உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகாமல் வாசலில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்க உதவினால் அது வேறு கதை.

மேடைக்கு முன் 'அமைதியாக இரு, அமைதியாக இரு' என்று தனக்கே சொல்லிக்கொள்பவர்களுக்கு ஒரு சுவையான மாற்று இருக்கிறது. 2014இல் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குப் போடவும் வேண்டியிருந்தவர்களில், 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அடங்கச் சொல்வதைவிடப் பெயரை மாற்றுவது சுலபம். எனக்கு இது மேடையில் கேட்டது, இரவு 2 மணிக்குக் கேட்கவில்லை.

ஓயாத கவலைக்கு: மறப்பதா, குறித்து வைப்பதா?

"அதைப் பத்தி நினைக்காத." உலகத்திலேயே அதிகம் கொடுக்கப்படும், பயனே இல்லாத அறிவுரை இது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனை எளிமையானது: வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகம் வந்தது.

இதற்கு மாற்று, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. தாமஸ் போர்க்கவெக்கும் கூட்டாளிகளும் 1983இல் இதைச் சோதித்தார்கள்: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம் கவலைப்பட மட்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் துரத்தக் கூடாது. "சாயங்காலம் வா" என்று அனுப்பிவிட வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கவலை என்ன சொன்ன நேரத்துக்கு வரும் பல் மருத்துவரா? ஆனாலும் செய்து பார்த்தேன். மாலை 6 மணி, சமையலறை மேசை, ஒரு சின்ன நோட்டு. பகலில் வரும் கவலையை ஒரு வரியில் எழுதி மூடிவிடுவேன். மாலையில் திறந்தால் பாதி வரிகள் எதைப் பற்றியவை என்றே நினைவிருக்காது. மீதியில் நான் ஏதாவது செய்யக்கூடியது இருந்தால் அடுத்த வேலையை எழுதுவேன்; செய்ய ஒன்றுமில்லை என்றால் 15 நிமிடம் மனசாரக் கவலைப்படுவேன். 7 நிமிடத்தில் அலுத்துவிடும். படுக்கையறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். படுக்கை கவலையின் இருக்கை ஆகிவிடும்.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: கணக்குப் பார்க்கலாம். 2020இல் லஃப்ரெனியரும் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், ஓயாத கவலை நோய் உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதி, அவை நடந்தனவா என்று பிறகு சரிபார்த்தார்கள். சுமார் 91 சதவீதம் நடக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அடுத்தவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதற்கும், 'போன மாதம் எழுதிய 40இல் 3தான் நடந்தது, அந்த மூன்றையும் சமாளித்துவிட்டேன்' என்று என் கையெழுத்திலேயே பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னது கடன் வாங்கிய தைரியம்.

நடை, காபி, மது

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. பதற்றக்காரர்களுக்கு அதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: வேகமாக மாடி ஏறும்போது இதயம் அடிக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும், ஆனாலும் ஒன்றும் ஆகாது. பீதிக்குப் பயப்படுகிறவர் அதே உணர்வுகளைத் தானே வரவழைத்துத் தானே கடந்து வருகிறார். அலாரத்துக்கு இது நல்ல பாடம்.

காபி, தேநீர் ஆகியவற்றில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பரவாயில்லை என்கிறார்கள். பீதி வருகிறவர்களுக்கு அதைவிடக் குறைவே அதிகம். இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள், திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். மது இன்னும் மோசம். இரவில் தணிக்கும், விடியற்காலையில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

இந்த மூன்றும் தனியாக ஒரு பதற்ற நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றைச் சரிசெய்யாமல் மற்ற வழிகளை எடைபோடுவது, கூரை ஒழுகும் வீட்டில் தரை துடைப்பது.

தியானமா, மாத்திரையா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு ஒன்று 2022 நவம்பரில் வெளிவந்தது. 276 பேர். ஒரு பாதிக்கு 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, மறு பாதிக்கு எஸ்சிடலோப்ராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை. 8 வாரக் கடைசியில் இரு குழுவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. மாத்திரைக் குழுவில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு பக்க விளைவு. தியானக் குழுவில் பத்தில் இரண்டு பேருக்கும் குறைவு.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, மாத்திரையே வேண்டாம்" என்று செய்தி அனுப்பியவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். அந்தத் தியானம் ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய முறை. வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி, நடுவில் ஒரு முழுநாள். பேருந்தில் காதில் மாட்டிக் கேட்கும் 5 நிமிடச் செயலி அது இல்லை. தினமும் முக்கால் மணி உட்கார முடிகிற ஆளா நீங்கள்? நான் மூன்றாவது வாரமே கைவிட்டவன். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தபோதுதான் ஒட்டியது, அதுவும் 20 நிமிடம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்கு அது கூடவும் செய்யும். அப்படியானால் கண்ணைத் திறந்தே வையுங்கள், அல்லது நடந்துகொண்டே செய்யுங்கள், அல்லது இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தோல்வி இல்லை.

மாத்திரைகளையும் ஒரே கூடையில் போடக் கூடாது. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை தினமும் எடுப்பவை. முழுப் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் ஓரிரு வாரம் படபடப்பு கூடலாம், குமட்டலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பலர் ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தாம்பத்திய ஆர்வம் குறைவதும் உண்டு. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அது. இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கூடவே கவனிக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்துவது படிப்படியாக, மருத்துவர் சொல்லி.

அல்ப்ரஸோலம், டயஸிபாம் வகை வேறு ஜாதி. இந்த வகையின் முதல் மருந்து 1960இல் வந்தது. அரை மணி, ஒரு மணியில் அலை ஓய்ந்துவிடும். அந்த வேகம்தான் அதன் ஆபத்து. சில வாரத் தொடர் பயன்பாட்டிலேயே உடம்பு அதற்குப் பழகத் தொடங்கலாம். நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புவரை போகும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நெருக்கடியில் சில நாள், சில வாரம் என்று மருத்துவர் கொடுத்தால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் பாதி உடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். என் பையில் இரண்டு வருடம் அந்த மாத்திரை ஒன்று இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடப் போடவில்லை. ஆனால் அது இல்லாமல் வீட்டை விட்டு இறங்கியதும் இல்லை. காலாவதித் தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது என்பதை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். இரண்டு வருடமும் என்னைக் காப்பாற்றியது மருந்து இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மேடைக்காரர்கள் சிலர் எடுக்கும் ப்ரொப்ரனலால் மூன்றாவது வகை. இதய நோய்க்காக உருவாக்கப்பட்டது. உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. கைநடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும், கவலையை அடக்காது. எப்போதாவது ஒரு கச்சேரி, ஒரு நேர்காணல் என்றால் பொருந்தலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

பேச்சுச் சிகிச்சையும் படியேறுதலும்

அலாரத்துக்கு நேரடியாகப் பாடம் எடுப்பது சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் அதற்கு அடித்தளம் போட்டார். பொதுவாக 12 முதல் 16 அமர்வு. குழந்தைப் பருவத்தைத் தோண்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் போன வாரத்தைத்தான் தோண்டுவார்கள். வீட்டுப் பாடம் கொடுப்பார்கள். பீதிக்கு டேவிட் கிளார்க் 1986இல் கொடுத்த விளக்கம் ஒன்றே பலருக்குப் பாதி மருந்து: சாதாரண உடல் உணர்வை ஆபத்து என்று தவறாக வாசிக்கிறோம், அந்த வாசிப்பு உணர்வை இன்னும் கூட்டுகிறது, சுழல் ஆரம்பமாகிறது.

அதன் கசப்பான பகுதி, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்வது. நான் ஏறிய படிகள்: காலி அறையில் சத்தமாக வாசிப்பது, கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி, 2 நிமிடப் பேச்சு, 10 நிமிடப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும், பின்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். 'குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள்' என்று எழுதியிருந்தேன். குரல் நடுங்கத்தான் செய்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றம் இறங்கினால்தான் பயன் என்றில்லை, எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்று தெரிவதுதான் பாடம் என்று இப்போது பல சிகிச்சையாளர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். முதல் 2 நிமிடப் பேச்சில் பதற்றம் துளியும் இறங்கவில்லை. ஆனாலும் இரண்டாவது பேச்சு சுலபமாக இருந்தது.

வேகத்தில் இது கடைசி. முதல் சில வாரம் இன்னும் மோசமாகத் தோன்றும். செலவும் உண்டு, நல்ல சிகிச்சையாளர் எளிதில் கிடைப்பதும் இல்லை. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் கற்றது கூடவே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பதற்றம் திரும்பும் வாய்ப்பு கணிசமாக உண்டு. அதனால் இரண்டில் ஒன்றுதான் என்றால், எழுந்து நடமாட முடிகிறவர் பேச்சுச் சிகிச்சையில் தொடங்கட்டும் என்பேன். சாப்பிட முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டுப் பாடம் செய்யவே தெம்பில்லை என்கிறவர் மாத்திரையில் தொடங்கித் தெம்பு வந்ததும் மற்றதைச் சேர்த்துக்கொள்ளட்டும். மாத்திரை எடுப்பது பலவீனம் என்று நினைத்து நான் வீணாக்கியது மூன்று வருடம்.

யாருக்கு எது?

ஓயாத கவலை, ஆனால் வேலையும் வீடும் ஓடுகின்றன என்றால் நோட்டு, நடை, காபிக் குறைப்பு மூன்றையும் 6 வாரம் செய்து பாருங்கள். பொறுமைசாலியானால் தியானத்தையும் சேர்க்கலாம். பீதி என்றால் உடம்பைப் பரிசோதித்துவிட்டு நேரே சிபிடி தெரிந்தவரிடம் போவது நல்லது. தனியாகச் செய்ய முயன்றால் பெரும்பாலும் தவிர்ப்பில்தான் போய் முடியும். ஒரே ஒரு சூழல்தான் பயம் என்றால் படிகளை நீங்களே எழுதித் தொடங்கலாம், முதல் படி அவமானப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். எதுவானாலும் ஒரே நேரத்தில் ஐந்தைத் தொடங்காதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தணிக்கத் தினமும் மதுவோ மாத்திரையோ தேவைப்பட்டால், வீட்டை விட்டு வெளியே போவதே நின்றுவிட்டால், ஒப்பீடு முடிந்தது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2006இல் வெளிவந்த, ஜிஏடி-7 எனப்படும் ஏழு கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நோயை அதுவே உறுதிசெய்யாது, ஆனால் மாதத்துக்கொரு முறை போட்டுப் பார்த்தால் நீங்கள் பிடித்த வழி வேலை செய்கிறதா என்று தெரியும்.

மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோய் "தூக்கம் சரியா வரல டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். நான் இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவை ஒரு துண்டுச்சீட்டு எடுத்துப் போனேன். எப்போதிலிருந்து. எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும். அதனால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறேன். என்னென்ன மாத்திரை, எவ்வளவு காபி, எவ்வளவு மது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா. ஐந்து வரி. வாய் குழறினால் சீட்டையே நீட்டிவிடலாம். நான் நீட்டித்தான் விட்டேன். அவர் மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இதுல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார்.